500 கிலோமீட்டர் என்றார்கள், 350 தானே வருகிறது? மின்சார எஸ்யூவியின் தூரக் கணக்கு

[திரையில்: ஓடும் எஸ்யூவியின் டிஜிட்டல் மீட்டர். வேகம் 120. மீதித் தூரம் மளமளவென்று குறைகிறது.]

வணக்கம். மின்சார எஸ்யூவி வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "500 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள், 350-ஐத் தாண்டவில்லை." பெரும்பாலும் வண்டியில் கோளாறு எதுவும் இருக்காது. அந்த 500 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

வண்டி ஓடும் தூரத்தை அளக்கும் டபிள்யூஎல்டிபி (WLTP) என்ற சோதனை முறையை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, சுற்றுக்கு 30 நிமிடம் ஓட்டுகிறார்கள். இடையிடையே நின்று கிளம்பி, 23 கிலோமீட்டர் சொச்சம். சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் யாரும் அந்த வேகத்தில் போவதில்லை.

அங்கே நம் எதிராளி காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். எஸ்யூவிக்கு உயரமும் அகலமும் அதிகம். அது தள்ளிக்கொண்டு போக வேண்டிய காற்றும் அதிகம்.

[திரையில்: இரண்டு வரிக் கணக்கு.]

75 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனால் நூறு கிலோமீட்டருக்கு 17 யூனிட் செலவாகிறது. 440 கிலோமீட்டர் போகலாம். 120-இல் போனால் 24 யூனிட். தூரம் 310 ஆகச் சுருங்கிவிடும். அதே வண்டி, அதே பேட்டரி. கூரையில் பெட்டி கட்டினாலோ கடுங்குளிர் அடித்தாலோ இன்னும் குறையும்.

நகர நெரிசலில் கதை தலைகீழ். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கித் திருப்பி அனுப்புகிறது. பெட்ரோல் வண்டி அதைப் பிரேக்கில் வெப்பமாகத் தொலைத்துவிடும்.

செயல்திறனைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. நின்ற நிலையிலிருந்தே மோட்டார் முழு இழுவிசையும் தருவதால், இரண்டு டன் வண்டியும் சட்டென்று பாயும். அவ்வப்போது அப்படிப் பாய்வதைவிட, மணிக்கணக்கில் 120-இல் பறப்பதுதான் பேட்டரியை அதிகம் உறிஞ்சும்.

இனி சார்ஜிங். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

[திரையில்: சார்ஜரின் முகப்பு, மிக அருகில்.]

மின்சாரம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று காட்டும் இந்த எண்ணைக் கவனியுங்கள். பேட்டரி 15 சதவீதத்தில் இருக்கும்போது 150 கிலோவாட். 60-ஐத் தாண்டியதும் 90. 80-ஐத் தொட்டபின் 40-க்கும் கீழே. பேட்டரி நிறைய நிறைய, லித்தியம் அயனிகள் எதிர்மின்முனையில் உள்ள கார்பன் அடுக்குகளுக்குள் இடம் தேடி நுழையத் தடுமாறுகின்றன. அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது பேட்டரிக்கு நிரந்தரச் சேதம். அதனால்தான் வண்டியே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது.

ஆகவே வண்டி வாங்கும்போது "உச்சம் எத்தனை கிலோவாட்" என்று கேட்காதீர்கள். "10-லிருந்து 80-க்கு எத்தனை நிமிடம்" என்று கேளுங்கள். 800 வோல்ட் அமைப்புள்ள ஹூண்டாய் ஐயோனிக் 5-க்கு, 350 கிலோவாட் சார்ஜரில் 18 நிமிடம் என்கிறது அதன் நிறுவனம். வோல்டேஜ் இரு மடங்கானால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். அதே கம்பியில் எழும் வெப்பம் கால்வாசியாகும்.

நீண்ட பயணத்தில் 80-லேயே பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். மீதி 20 சதவீதத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த சார்ஜரை நெருங்கிவிடலாம். கிளம்புமுன் அந்தச் சார்ஜரை வண்டியின் வழிகாட்டியில் சேருமிடமாகக் குறித்துவிடுங்கள். இந்த வசதியுள்ள வண்டிகள் போகும் வழியிலேயே பேட்டரியைத் தேவையான சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும்; பிளக்கைச் செருகியதுமே வேகமான சார்ஜ் தொடங்கும்.