வாலால் ‘இல்லை’ என்று சொல்லும் அரிய பறவை! மாதவரத்தில் சிக்கிய 9 விநாடி

[திரையில்: நடுங்கும் வீடியோ. காய்ந்த இலைகள், நடுவில் பழுப்பாக ஏதோ நகர்கிறது.]

மங்கல்தான், தெரிகிறது. ஓரத்தில் இருப்பது என் விரல். ஆனாலும் வாலை மட்டும் பாருங்கள். இன்னொரு தடவை ஓட்டுகிறேன். வால் எந்தப் பக்கம் ஆடுகிறது?

வணக்கம் மக்களே. டிசம்பர் மாதக் காலை, மாதவரம் பால்பண்ணைப் பக்கம் மரநிழலில் டீயோடு நிற்கிறேன். சருகில் ஒரு குருவி. தத்தவில்லை, நடக்கிறது. முதுகு பச்சை கலந்த பழுப்பு, கறுப்பு இறக்கையில் இரண்டு வெளிர் கோடு. பெயர் என்னவென்று தேடுவதற்கு முன்னால் இதை நோட்டில் எழுதிவிட்டேன். புத்தகத்தைத் திறந்த பிறகு எழுதினால், கண் பார்த்ததை விட்டுவிட்டுப் படத்தில் இருப்பதை எழுதுவோம்.

நடக்கிறது என்றால் வாலாட்டி, இல்லாவிட்டால் அதன் உறவுக்காரக் குருவியான நெட்டைக்காலி. இங்கேதான் வால் வருகிறது.

புழல் ஏரிக்கரையில் கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டு ஓடுமே, வெண்புருவ வாலாட்டி, அது பக்கா நம்ம ஊர்க்காரர். அறிவியல் பெயரே மோட்டாசில்லா மதராஸ்பட்டென்சிஸ்! 1789இல் கிமெலின் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். ஊர்ப் பெயரைச் சென்னை என்று மாற்றினோம், குருவி இன்னும் மதராசப்பட்டினத்தையே தூக்கிக்கொண்டு திரிகிறது. அது வாலை மேலும் கீழும் ஆட்டும். புது மாப்பிள்ளை மாமனார் முன்னால் உட்கார்ந்த மாதிரி, ‘ஆமாம், ஆமாம்’. மரத்தடியில் திரியும் நெட்டைக்காலியும் அப்படியே.

என் வீடியோவில் இருப்பது பக்கவாட்டில் ஆட்டுகிறது. வால் மட்டுமா, பின்பக்கம் முழுக்கச் சேர்ந்து ஆடுகிறது. மழை நாளில் ஆட்டோக்காரரிடம் “மூலக்கடை வருமா?” என்று கேட்டால் கிடைக்கும் அதே ‘இல்லை, இல்லை’. (நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘சரி’ என்றும் அர்த்தம் உண்டு. அந்த வழக்குக்குள் இப்போது போக வேண்டாம்.) வாலாட்டிகளில் இப்படி ஆட்டுவது இது ஒன்றுதான்: கொடிக்கால் வாலாட்டி. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். நிழலும் ஈரமும் தேடும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைக்க முடியும்? மற்ற வாலாட்டிகள் தரையிலும் சந்துபொந்திலும் கூடு கட்டும்போது, இது மரக்கிளையில் கட்டுகிறது. அதுவும் இங்கே இல்லை; சீனா, கொரியா, ரஷ்யாவின் கிழக்கு மூலை. குளிருக்குத்தான் நம் பக்கம் வருகிறது.

தலைப்பில் ‘அரிய’ என்று போட்டதற்கு, குளிர்காலத்தில் இதைச் சாதாரணமாகப் பார்க்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காபித் தோட்டத்துக்காரர்கள் கமெண்டில் சிரிப்பார்கள். சிரியுங்கள். மாதவரத்துக்கு இது அரிதுதான்.

சரி, பார்த்த பறவையைப் பதிவு செய்வது எப்படி? தேதி, நேரம், இடம், எவ்வளவு தூரத்தில், எத்தனை பறவை, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எல்லாம் வேண்டும். குரலையும் போனில் பிடியுங்கள். எவர்சில்வர் டம்ளரை நகத்தால் சுண்டினாற்போல ஒரு ‘பிங்க்’. என் ஒலிப்பதிவில் மணலிக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஹாரனும் இருக்கிறது, பரவாயில்லை, வெட்டாமல் அப்படியே ஏற்றினேன். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி சொல்லும் பெயரைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது சாட்சி ஆகாது. இன்னொன்று: போனில் அதன் குரலை ஓட்டிப் பறவையை வரவழைக்காதீர்கள். அவ்வளவு தூரம் பறந்து வந்தது இரை தேட. நம் போனோடு சண்டை போட அல்ல.

பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினேன். அங்கே வழக்கத்துக்கு மாறான பதிவு என்றால் தன்னார்வலர்கள் விவரம் கேட்பார்கள். கோபப்படக் கூடாது, நம்மைப் பொய்யன் என்று சொல்வதாக அர்த்தமில்லை. எனக்கும் கேள்வி வந்தது: “மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை பார்த்தீர்களா?” இந்தப் பறவைக்கு அதுதான் பளிச்சென்ற அடையாளம். பார்த்தேன் என்று சொல்லக் கை துடித்தது. ஆனால் அந்தக் குருவி கடைசி வரை எனக்கு முதுகைத்தான் காட்டியது. “மார்பு தெரியவில்லை” என்று எழுதி, இந்த வீடியோவை இணைத்தேன்.

மறுநாள் பதில்: “வால் போதும்.”

[திரையில்: அதே 9 விநாடி, மெதுவாக.]