எலி மருந்தும் பரிசும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் படித்தபோது ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு நாள் அவருக்காக உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குள் இறங்கினேன். மூட்டைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் அட்டைப்பெட்டி இருந்தது. அதன் மேல் கொட்டை எழுத்தில் ‘கிஃப்ட்’ என்று அச்சிட்டிருந்தது. யாருக்கோ வாங்கி வைத்த பரிசு என்று நினைத்துக் கையை நீட்டினேன். "தொடாதீர்கள்!" என்று படியில் நின்றவர் பதறிவிட்டார். எலியைக் கொல்ல வைத்திருந்த நஞ்சு அது.

ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. ஒலி மட்டும் ஒத்துப்போன இரண்டு சொற்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே சொல்தான். ‘கொடு’ என்ற வினையில் பிறந்தது. ஜெர்மனிலும் முன்பு கொடையையே குறித்தது. மணமகளுக்குக் கொடுத்தனுப்பும் சீதனத்துக்கு இன்றும் அங்கே ‘மிட்கிஃப்ட்’ என்றே பெயர்.

கொடை நஞ்சானது மருத்துவத்தின் வழியாக. கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்கும் அதுவே பெயராயிற்று. நாம் சொல்லும் ‘ஒரு டோஸ்’ அதிலிருந்து வந்ததுதான். அதைப் பார்த்து ஜெர்மானியர் தங்கள் ‘கிஃப்ட்’ என்ற சொல்லையும் அப்படியே வழங்கினார்கள். நஞ்சு என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய இடத்தில் ‘கொடுத்தது’ என்றார்கள். நாம் மட்டும் என்ன? கடையில் ‘எலி மருந்து’ என்றுதானே கேட்கிறோம்! வயலுக்கு அடிப்பதும் ‘பூச்சி மருந்து’தான். நஞ்சை மருந்தென்று சொல்லும் அதே மனம்தான் அங்கும் வேலை செய்திருக்கிறது.

ஸ்வீடனில் இன்னொரு புதுமை. அங்கே அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்றும் பொருள், மணமானவர் என்றும் பொருள். பெண்ணைக் ‘கொடுப்பது’ நமக்கும் பழக்கமான பேச்சுதானே? பழைய ஆங்கிலத்திலும் அது மணப்பெண்ணுக்காகக் கொடுத்த பொருளைக் குறித்ததுண்டு.

மொழி வகுப்புகளில் இப்படிப்பட்ட சொற்களைப் ‘போலி நண்பர்கள்’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை, பல வருடங்களாக இதைச் சொல்லி வருகிறேன். இவை பங்காளிகள். ஒரே வீட்டுச் சொத்தைப் பிரித்துக்கொண்டு தனித்தனியே குடித்தனம் நடத்துபவை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு நிமிடம் என்று சைகை வருகிறது. வேலியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனில் வேலிக்கு ‘ட்சவுன்’ என்று பெயர். அதே சொல் டச்சு மொழியில் தோட்டம். ஆங்கிலத்தில் ‘டவுன்’, அதாவது ஊர். வேலி, வேலிக்குள் வளர்ந்த செடி, வேலிக்குள் குடியேறிய மக்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.