விளக்குமாறு வருவதற்குள் ஓர் இளவேனில்

வணக்கம் மக்களே. படம் கொஞ்சம் சாய்வாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேமரா ஸ்டாண்டுக்குப் போன மாதமே ஒரு கால் கழன்றுவிட்டது, இப்போது மைலோ டின் மேல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஃபேன் சத்தமும் கேட்கும். அதை நிறுத்த முடியாது, நான் வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியம் காய்ந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சே.

முதலில் நல்ல செய்தி. பூத்துவிட்டது! எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக ஒரு பாதை போகும் இல்லையா, அங்கே இருக்கும் டிரம்பெட் மரங்கள். பிப்ரவரி முழுக்க வெயில், வெயில் என்று நான் புலம்பி ஒரு வீடியோ போட்டேனே, அதில் பின்னால் பாதி இலை கொட்டிப்போய் நோயாளி மாதிரி நின்றவை இதே மரங்கள்தான். "இவற்றை எப்போது வெட்டப் போகிறார்களோ" என்றுகூட அதில் சொல்லியிருப்பேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்த மரத்துக்கு அந்தக் காய்ச்சல் வேண்டும். நன்றாக வறண்டு கிடந்து, அதற்குப் பிறகு பலத்த மழை கொட்டினால்தான் இது மொத்தமாகப் பூக்கும். இங்கே பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் ஒரு முறை, ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொரு முறை. இந்தத் தடவை இரண்டு நாள் பகல் முழுக்க வானம் கிழிந்ததுபோல் ஊற்றியது, உங்களுக்கே தெரியும், எத்தனை பேர் துணி நனைந்த கதையை எனக்கு எழுதினீர்கள்!

வசந்தம் எல்லாம் சிங்கப்பூரில் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். நிலநடுக்கோட்டிலிருந்து நாம் ஒன்றரைப் பாகைகூடத் தள்ளி இல்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஏறக்குறைய 9 நிமிடம்தான் வித்தியாசம். 9 நிமிடத்தை வைத்துக்கொண்டு எந்த மரம் என்ன கண்டுபிடிக்கும், பாவம்? அதனால் இங்குள்ள மரங்கள் மழையைப் பார்த்து முடிவெடுக்கின்றன. எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்தத் தேதியில் வருவேன் என்று சொல்லிவிட்டு வருகிற விருந்தாளியைவிட, கதவைத் தட்டிவிட்டு "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்கிறவர்தான் எனக்குச் சரி.

ஆனால் ஒன்று. தயவுசெய்து ஜப்பானியச் செர்ரிப் பூவின் பெயரை ஒட்டவைத்து இதை "சிங்கப்பூர் சக்குரா" என்று சொல்லாதீர்கள். கேட்டாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. இது மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் வடக்குவரை வளர்கிற மரம், எல் சல்வடோரின் தேசிய மரமே இதுதான், அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததை ஏன் ஜப்பான்காரர் ஆக்க வேண்டும்? அதைவிட முக்கியம், இரண்டும் உதிரும் விதமே வேறு. சக்குரா இதழ் இதழாகப் பறக்கும். இது ஒரே குழலாக ஒட்டிய பூ, அதனால் முழுப் பூவாகக் கழன்று விழும். தரையில் ஒரு சின்னச் சத்தம்கூட வரும், ஈரத்துணி விழுந்த மாதிரி, "தொப்". நான் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். சக்குரா மாதிரி இருக்கிற மரம்தான் வேண்டும் என்றால் மெம்பாட் மரத்தைப் பாருங்கள், அதற்கு இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூ. 1963 ஜூன் 16 அன்று அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் நட்டாரே, இந்த ஊரின் மரம் நடும் இயக்கமே அதிலிருந்துதான் தொடங்கியது, அது மெம்பாட். அதை யாரும் ஏனோ படம் எடுத்துப் போடுவதில்லை.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சல். பூத்ததைப் பார்த்தவுடன் எனக்குக் கை பரபரத்தது. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. அன்று மாலையே ரயில் ஏறி ஓவியக் கடைக்குப் போய் ஒரு பிங்க் வாங்கினேன். ஓபெரா பிங்க். சிரிக்காதீர்கள். ஆமாம், போன ஆண்டு "இந்த நிறத்தை மட்டும் வாங்காதீர்கள்" என்று பதினெட்டு நிமிடம் உங்களுக்குப் பாடம் எடுத்தவள் நான்தான். அந்தக் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு எல்லாம் அதில் கலந்திருக்கும் ஒளிரும் சாயத்தின் வேலை, வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் முதலில் ஓடிப்போகும், மிச்சம் சாதாரண ரோஸ்தான் என்று ஜன்னலில் காகிதத் துண்டு ஒட்டிக் காட்டியதும் நான்தான். ஆனாலும் கடையில் அந்த டியூபைப் பார்த்தபோது, மரம் முழுக்க அந்த நிறமாகத்தான் தெரிந்தது எனக்கு.

விலை 14 வெள்ளி 90 காசு. ஐந்து மில்லி! சுண்டுவிரல் அளவு டியூப். காப்பிக் கடையில் பத்துக் கோப்பை தேநீர் குடிக்கலாம் அந்தக் காசில், பத்தாவது கோப்பைக்கு அங்கிள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆ, இன்னொன்று, சொல்ல மறந்தேன், இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் கடை உறுப்பினர் அட்டைக்குப் பத்து விழுக்காடு கழிவு உண்டு. அட்டை என்னிடம் இருக்கிறது. வேறு பையில் இருக்கிறது. வேறு பை வீட்டில் இருக்கிறது. காசாளரிடம் கைப்பேசி எண்ணைச் சொல்லவா என்று கேட்டேன், அட்டையைக் காட்டியே ஆகவேண்டும் என்றார். 1 வெள்ளி 49 காசு போயிற்று. தொகை சின்னதுதான், தெரியும். ஆனாலும் ரயிலில் வரும்போது அங் மோ கியோ நிலையம்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆன்டி என் முகத்தைப் பார்த்து "யூ ஓகே ஆ?" என்றார்.

வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தால் காகிதத்தில் அது மின்விளக்குப் பலகை மாதிரி கத்துகிறது. மேலே மரத்தைப் பார்த்து வரைந்தேன், மூன்று தாள், மூன்றும் பிறந்தநாள் கேக். நல்ல பருத்தித் தாள் வேறு, 300 ஜிஎஸ்எம் என்கிற கனத்த வகை. அந்த விலையை நான் சொல்லப் போவதில்லை, அம்மா இந்த வீடியோக்களைப் பார்க்கிறார்.

அடுத்த நாள் காலை அலாரத்துக்கு வேலையே வைக்கவில்லை, குயில் எழுப்பிவிட்டது. ஐந்து மணி! நம் பாட்டுகளில் குயில் கூவினால் வசந்தம் வந்துவிட்டது என்று ஆளாளுக்கு உருகுவார்கள், அவர்கள் யாரும் பன்னிரண்டாவது மாடியில், ஜன்னலுக்கு நேர் எதிரே அது கூவிக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். இங்கே காக்கைக் கூட்டில் முட்டையை இட்டுவிட்டு, பிள்ளை வளர்க்கும் வேலையும் இல்லாமல், நாள் முழுக்கச் சுதி ஏற்றிக்கொண்டே போகிறது. எழுந்தாயிற்று, இனி என்ன செய்வது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறே முக்காலுக்குக் கீழே போனேன். இங்கே மார்ச்சில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் தலைகாட்டும், பாதை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், முந்தைய நாள் நான் தரையைப் பார்க்கவே இல்லை, எல்லாரையும் போல அண்ணாந்துகொண்டே நின்றிருக்கிறேன். இரவில் விழுந்த பூ முழுக்க அப்படியே கிடந்தது. சிமெண்டு ஈரத்தில் கறுத்திருந்தது, அதன் மேல் குழல் குழலாக, சில வாய் குப்புற, சில நம்மைப் பார்த்து. குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றின் தொண்டையிலும் ஒரு மஞ்சள். ஒரே பிங்க் என்று நினைத்தேன் இல்லையா, இல்லை. ஒரு மரத்தடியில் ஏறக்குறைய வெள்ளை, அதற்கு அடுத்ததில் பீட்ரூட் தண்ணீர் மாதிரி. மரத்துக்கு மரம் வேறு. முந்தாநாள் விழுந்தவை ஓரத்தில் பழுப்பேறி, கண்ணாடிக் காகிதம் மாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஒரு சைக்கிள் போன தடம் நடுவில் ஓடியது, அந்தத் தடத்தில் நசுங்கிய பூ மட்டும் ஊதா.

பலகையை எடுத்து உட்கார்ந்தேன். சரியாக அப்போது, தூரத்தில் ஈர்க்குமாற்றுச் சத்தம். சரக், சரக்.

துப்புரவு செய்கிற அண்ணன். ஏற்கெனவே பார்த்துச் சிரித்துக்கொள்வோம், பேசியதில்லை. "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் இந்த இடத்தை மட்டும் விட்டுட்டுப் பெருக்க முடியுமா?" என்று கேட்டேன். "முடியாதுக்கா, ஏழரைக்கு சூப்பர்வைசர் வந்து போட்டோ எடுப்பாரு" என்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் அக்கா. நான் முகத்தைத் தொங்கப்போட்டிருப்பேன்போல. ஒரு நிமிடம் மரத்தைப் பார்த்தார். "நீங்க அழகுன்னு பாக்கறீங்க, எனக்கு இது நாலு பை எக்ஸ்ட்ராக்கா" என்றார். வழுக்குமாம் வேறு, ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் மூன்று முறை பெருக்க வேண்டுமாம், சாதாரண இலை ஒரே இழுப்பில் வந்துவிடுமாம். பூவைப் பற்றி இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. ஒட்டிக்கொள்ளும். ஆமாம், ஒட்டித்தான் கிடந்தது, நான் அதை இரண்டு நாளாக மிதக்கிற மாதிரி வரைந்துகொண்டிருந்தேன்.

அவர் பெருக்கிக்கொண்டே போனார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதை சுத்தமாயிற்று. ஆனால் பெருக்கியதை உடனே பையில் போடவில்லை, விளக்குக் கம்பத்தடியில் குவித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். குவியல் முழங்கால் உயரம். பிங்க், வெள்ளை, பழுப்பு, நடுவே இரண்டு காய்ந்த இலை, ஒரு ரொட்டி உறை. மேலே ஈர்க்குமாறு சாய்த்து வைத்திருந்தார். அதைத்தான் வரைந்தேன்.

இதோ பாருங்கள், கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். மைலோ டின்னை ஆட்டிவிட்டேன், மன்னிக்கவும். இந்த பிங்க் தெரிகிறதா? 14 வெள்ளி 90 காசு டியூப் இதில் ஒரு சொட்டுகூட இல்லை! இது நான்கு ஆண்டாக வைத்திருக்கும் பழைய ரோஸ், காய்ந்து கல்லாகி, டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தேனே, அது. அதோடு தட்டில் ஒட்டியிருந்த பழைய பச்சை ஒரு துளி, செம்மண் நிறம் ஒரு துளி. பச்சை பட்டதும் ரோஸின் வாய் அடங்கிவிடும். அழுக்கு பிங்க் என்று பெயர் வைத்திருக்கிறேன். வெள்ளைப் பூ எதையும் நான் வரையவில்லை, தாளையே விட்டிருக்கிறேன், சுற்றி நிழலை மட்டும் போட்டேன். அந்தத் தொண்டை மஞ்சளைக் கடைசியாக, தாள் அரை ஈரமாக இருக்கும்போது தூரிகை நுனியால் ஒரே தொடல். முப்பது தொடலில் ஐந்துதான் சரியாக வந்தது. அந்த ஐந்தையும் நான் இன்றைக்கு முப்பது முறை பார்த்துவிட்டேன்.

அண்ணன் திரும்பி வந்தார், எட்டிப் பார்த்தார். "வெளக்கமாறு நல்லா இருக்கு" என்றார். பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குவியலை அள்ளிப் பையில் போட்டார், நாலு பை இல்லை, ஐந்து பை ஆயிற்று. அவர் போன பிறகு பாதையில் பத்து அடி நடந்திருப்பேன், பின்னால் "தொப்", மறுபடி ஒன்று விழுந்தது.

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "குப்பையை வரையவா காலையில் குளிக்காமல் போனாய்?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், பிறகு தஞ்சாவூரில் அவர் பிறந்த வீட்டு வாசலில் வேப்பம்பூ கொட்டியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பங்குனிக் கடைசியில் பாயை விரித்து உதறுவார்களாம், சித்திரைப் பிறப்புப் பச்சடிக்கு. இங்கே அதையே லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் சின்னப் பொட்டலமாக வாங்குகிறோம், அதற்கு நான் விலை பேசினால் அம்மாவுக்குக் கோபம் வரும். பழைய கணக்கில் சித்திரை, வைகாசி இரண்டும் இளவேனில். இள வேனில், அதாவது வெயிலுக்கு இளமை. எனக்குப் பூ என்ற சொல்லே இல்லாத அந்தப் பெயர் வசந்தத்தைவிடப் பிடிக்கிறது. நம் பூமலைக்கு மட்டும் யாரோ அழகாகத் தமிழில் பெயர் வைத்தார்கள், 1859இல் தொடங்கிய தோட்டம், பொட்டானிக் கார்டன்ஸ் என்று வாய் வலிக்கச் சொல்லாமல் பூமலை என்று சொல்லிப் பாருங்கள். கரையோரப் பூந்தோட்டத்தில் கண்ணாடிக் குவிமாடத்துக்குள் குளிரூட்டி, உண்மையான சக்குராவையே கொண்டுவந்து காட்டுகிறார்கள், நான் அம்மாவை அழைத்துப் போயிருக்கிறேன், அழகுதான், ஆனால் அம்மா சால்வை கேட்டதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

ஃபேன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர் ஈரக்காற்றில் தாள் காயவே மாட்டேன் என்கிறது. காலை எட்டு மணிக்கு முடித்தது, இப்போது இரண்டரை, இந்த மூலை இன்னும் சில்லென்று இருக்கிறது. முடி உலர்த்தும் கருவி வைத்துக் காயவைக்கலாம், போன தடவை வைத்து மஞ்சள் எல்லாம் ஓடிப்போனதை நீங்கள் பார்த்தீர்கள்.

ஆ, கேட்கிறதா? இடி. இருங்கள், ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். செம மழை. ஒரு நொடியில் வீடே குளிர்ந்துவிட்டது. இது நல்லது, ஏன் தெரியுமா, எதிர் புளோக் ஓரத்தில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்துக் கிளையில் புறா ஆர்கிட் கொத்துக் கொத்தாகத் தொற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மொட்டு பாதி வளர்ந்து அப்படியே தூங்கும். மழை வந்து வெப்பம் சட்டென்று ஐந்தாறு பாகை இறங்கினால்தான் விழிக்கும், அதிலிருந்து ஒன்பதாம் நாள் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற எல்லாச் செடியும் ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும். ஒரே நாள்தான், மாலைக்குள் வாடிவிடும். போன ஆண்டு நான் ஒரு நாள் பிந்திப்போய் வெறும் பழுப்பு நூலைப் படம் பிடித்து வந்தேன், அந்த வீடியோவுக்கு நாற்பது பேர் சிரிக்கும் முகம் போட்டீர்கள். இன்றைக்கு வியாழன். ஒன்பது என்றால்... வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை. நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டேன், ஓபெரா பிங்க்கால்தான் போட்டேன், எதற்காவது உதவட்டும்.