ஆள் பாதி, ஆடை பாதி: திரையில் துப்பறிவாளர்
(பினாங்கு வாசகர் கூடலில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் பிரிவினரே, அனைவருக்கும் வணக்கம். டத்தோ அவர்கள் போன ஆண்டும் கடைசிவரை இருந்து கேட்டார். அதற்குத் தனி நன்றி.

துப்பறியும் நாவல்கள் படமாவது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். துப்பறிவாளராக யாரைப் போடுவது, கதையை எவ்வளவு மாற்றலாம், வெளிநாட்டுக் கதையைத் தமிழுக்கு எப்படிக் கொண்டுவருவது.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். ஹோம்ஸ் என்றதும் காதுமடல் வைத்த தொப்பி ஞாபகம் வருகிறதே, அதை நம் மனத்தில் பதித்தவர் கதைகளுக்குப் படம் வரைந்த சிட்னி பேஜட். அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவாக 1989 முதல் 2013 வரை நடித்தார் டேவிட் சூஷே. தேநீரில் எத்தனை சர்க்கரைக் கட்டி என்பது வரை நாவல்களைப் படித்துப் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு நடித்தார். நம்மிடம் 1978இல் 'ப்ரியா' வந்தது. சுஜாதாவின் வக்கீல் கணேஷாக ரஜினி. எனக்கு ரஜினிதான் தெரிந்தார், கணேஷ் தெரியவில்லை.

அப்புறம் 1950இல் வந்த 'திகம்பர சாமியார்'. துப்பறிபவர் நம்பியார்! செபராங் பிறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், படம் வந்து பல வருஷம் கழித்து, திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார்கள். பாய் விரித்து, கச்சான் பூத்தே என்னும் கடலை வகைகளைக் கொறித்தபடி உட்கார்ந்திருந்தோம். எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர், எம்ஜிஆர் படங்களில் நம்பியாரைப் பார்த்துப் பார்த்துக் கொதித்துப்போனவர், எழுந்து நின்று கத்தினார்: "அடேய், அவன நம்பாதீங்கடா, அவன்தான் கள்ளன்!" திடலே சிரித்தது. பாட்டி உட்காரவில்லை. ரீல் மாற்றப் படம் நின்றது. தமிழ்ப்பள்ளி வாத்தியார் பாட்டி பக்கத்தில் குந்தி, படத்துக்கு மூலமான வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். பாட்டி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார். படம் மறுபடி ஓடியது. நம்பியார் வேறு வேடத்தில் வந்தார். எங்களுக்குப் பிடிபடவில்லை. பாட்டிதான் முதலில் சொன்னார்: "அது நம்ம சாமியார்டா!"

ஆள் பாதி, ஆடை பாதி, சரி. அந்த இரண்டு பாதியையும் பாட்டிக்கு ஒட்டிக் கொடுத்தது வாத்தியார் படித்திருந்த புத்தகம். பழுப்புத் தாள் அட்டை போட்டு, முதுகில் மையால் பெயர் எழுதி வைத்திருப்பார். அவர் மறைந்த பிறகு அந்த அலமாரி முழுவதும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. புத்தகமே இல்லாத ஊரில் எந்த நடிகர் பொருத்தம் என்று யார் சொல்வது? நாளைக்கு நம் பிள்ளைகள் இங்கேயே ஒரு துப்பறியும் படம் எடுக்க வந்தால், எதைப் புரட்டிப் பார்ப்பார்கள்?

மற்ற இரண்டு செய்திகளுக்கு நேரமில்லை. தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். டத்தோ அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: இந்த மண்டபத்தில் பூட்டுப் போட்ட இரண்டு அலமாரி வேண்டும். உங்களிடம் ஒன்று: அப்பா, தாத்தா வைத்துப்போன நாவல்களை எடைக்குப் போடாதீர்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். இன்று 17 புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் கடைசிப் பக்கமே இல்லை. அந்தப் பக்கம் யார் வீட்டில் இருந்தாலும் கொண்டுவாருங்கள்.