கூட்டம் கூடாத குளம்

வணக்கம் நேயர்களே.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இது தெரிந்த விடயம். சிறுபோகம் தொடங்குமுன் கூட்டம் கூடுகிறது. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசுகிறார்கள். வாக்குவாதமும் வரும். ஆனாலும் முடிவு எடுக்கும்போது கமக்காரர் அங்கே இருக்கிறார். கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கும் எனக்கு அப்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். நம் பாடசாலையிலும் செயலகத்திலும் கடையிலும் ஓடும் மென்பொருள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள்?

மைக்ரோசொப்டின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் விடை இது: காசு எந்த வாசலால் வர வேண்டும் என்று முதலில் தீர்மானித்தார்கள். தொழில்நுட்பம் அந்த வாசலுக்கு ஏற்றபடி வளர்ந்தது.

1980இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது சிறு கணினிக்கு ஓர் இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், தேடியது. மைக்ரோசொப்டின் கையில் அப்போது அப்படி ஒன்று இல்லை. சியாட்டிலில் இருந்த ஒரு சிறு நிறுவனத்திடம் வாங்கித் திருத்திக் கொடுத்தது. கெட்டித்தனம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தது. ஐ.பி.எம்முக்குக் கொடுத்ததையே பிற உற்பத்தியாளர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசொப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐ.பி.எம்மைப் பின்பற்றி யார் கணினி செய்தாலும் அதற்கு வருமானம்.

அப்படியானால் அந்த மென்பொருள் எவருடைய இயந்திரத்திலும் ஓட வேண்டும். பழைய நிரல் புதிய பதிப்பிலும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அலுவலகங்கள் புதியதை வாங்கமாட்டா. அதனால் மைக்ரோசொப்டின் பிந்தைய இயங்குதளமான விண்டோஸ் தன் பழைய சுமைகளைப் பல ஆண்டுகள் முதுகில் தூக்கிக்கொண்டே நடந்தது. நமக்கும் அதில் நன்மை கிடைத்தது, அதை மறைக்கக் கூடாது. உதிரிப்பாகங்களை வாங்கிப் பொருத்திய மலிவான கணினிகள் உலகெங்கும் பரவின. மின்சாரமே இல்லாத காலத்து வன்னியில், ஜெனரேற்றர் ஓசைக்கு நடுவே பிள்ளைகள் கணினி படித்தது அத்தகைய இயந்திரங்களில்தான்.

ஆனால் அந்த வாசலைக் காக்க அவர்கள் செய்தவை எனக்கு உவப்பானவை அல்ல. ஒரு கணினி நிறுவனம் தான் விற்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும், அதில் மைக்ரோசொப்டின் இயங்குதளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். வேறொன்றைப் போட்டு விற்க நினைப்பவர் இரண்டு தடவை காசு கட்ட வேண்டும். பிறகு யார் போடுவார்கள்? 1994இல் அமெரிக்க நீதித் திணைக்களம் தலையிட்ட பிறகே அந்த முறை கைவிடப்பட்டது. இணைய உலாவியை விண்டோஸுடன் பிணைத்தது தொடர்பான வழக்கு 1998இல் வந்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க 2000இல் நீதிபதி உத்தரவிட்டார், அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது.

இப்போது வாசல் இடம் மாறியிருக்கிறது. 2011இல், வேர்ட், எக்ஸல் போன்றவற்றைச் சந்தாவுக்குத் தரும் ஒபிஸ் 365 வந்தது. ஒருமுறை வாங்கிய பொருளுக்கு மாதச் சந்தாவும் ஆண்டுச் சந்தாவும் வந்தன. விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பு, நிறுவும்போதே இணைய இணைப்பையும் மைக்ரோசொப்ட் கணக்கையும் கேட்கிறது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் தேடும் ஒரு வீட்டை மனத்தில் வைத்து யாரும் அந்தத் திரையை வடிவமைக்கவில்லை. 2022இல் ஒரு டொலர் சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியதே, நினைவிருக்கிறதா? டொலரில் சந்தா கட்டியவர்களிடம் அந்த மாதங்களைப் பற்றிக் கேளுங்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. பதினொன்றுக்கு மாற, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய புரொசெசரும் வேண்டும். பாதுகாப்புக்காக என்று நிறுவனம் சொல்கிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் பழையதைச் சுமந்து வளர்ந்த நிறுவனம், இன்று நன்றாக ஓடும் இயந்திரத்தையும் கழிவாக எண்ண வைக்கிறது. வன்னியின் கிராமத்துக் கற்கை நிலையங்களில் இருப்பவை பெரும்பாலும் யாரோ பயன்படுத்திவிட்டு அன்பளித்தவை. தயவுசெய்து அவற்றை எறிந்துவிடாதீர்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பலவற்றில் இன்னும் ஓடும். வேர்ட், எக்ஸல் செய்யும் வேலைகளைச் செய்யும் லிப்ரே ஒபிஸும் இலவசம், அதைத் தமிழ் இடைமுகத்துடனும் பயன்படுத்தலாம். அது சேமிக்கும் திறந்த ஆவண வடிவம் 2006 முதல் சர்வதேச நியமம்.

"கணினியில் என்ன படித்தாய்?" என்று கேட்டால், "வேர்ட், எக்ஸல்" என்றே எங்கள் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் பொருட்பெயரே பாடத்தின் பெயராகிவிட்டது. இந்த ஆண்டு என் வகுப்பில் 'வேர்ட்' என்றிருந்த பாடத்தைக் 'கடிதம் எழுதுதல்' என்று மாற்றினேன். ஒரே கடிதத்தை இரண்டு மென்பொருளில் எழுத வேண்டும். போன வாரம் அவர்கள் எழுதியது, கமக்கார அமைப்புக்கான சிறுபோகக் கூட்ட அறிவித்தல்.

நன்றி, வணக்கம்.