கீரிமலை எவ்வளவு உயரம்?

தலைவர் அவர்களே, சனசமூக நிலையச் செயலாளர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய அதிபர் அவர்களே (இந்த வெக்கைக்கு அதைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறேன், கோபிக்கக்கூடாது), பின்வரிசையில் நிற்கிற பிள்ளைகளே, வணக்கம்.

அருவி, ஊற்று, இடிபாடு, காட்டு விலங்கு என நான்கையும் நடந்துபோய்ப் பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் அருவி.

பம்பரகந்தைக்குப் போயிருந்தோம். 263 மீற்றர். இலங்கையில் அதற்கு மேல் உயர்ந்த அருவி இல்லை. அங்கிருந்து ஒகியப் பக்கம் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பிறகென்ன, அட்டைதான்! காலுக்குச் சவர்க்காரம் பூசியும் விடவில்லை. எங்களோடு வந்த கணித வாத்தியார் ஒரு கல்லில் குந்தி, காற்சட்டையைச் சுருட்டி, உப்புப் போட்டுப் போட்டு எண்ணுகிறார். "பதினேழு. முதன்மை எண்" என்றார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டு, "எந்த ஊருங்க?" என்றார். யாழ்ப்பாணம் என்றோம். "அங்க கீரிமலைன்னு ஒண்ணு இருக்காமே, எவ்வளவு ஒசரங்க?"

வாத்தியாருக்கே விடை வரவில்லை. கடல் மட்டத்து மலைக்கு என்ன உயரம் சொல்வது?

முற்றத்து மல்லிகை மணக்காது என்பார்கள். கீரிமலையில் அலை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கேணியில் நல்ல தண்ணீர் ஊறுகிறதே, அதை எத்தனை பேர் நின்று பார்த்தோம்? அதில் குளித்து நகுல முனிவரின் கீரிமுகம் மாறிய கதை எல்லோருக்கும் பாடம். தண்ணீர் வந்த கதைதான் தெரியாது. நம் நிலம் சுண்ணக்கல். அங்கங்கே பெய்த மழை வெடிப்புகளால் இறங்கி, நிலத்துக்குள்ளாலேயே நடந்து, கரையில் வெளியே வருகிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்கில்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டுந்தான். குடிப்பது பெரும்பாலும் இந்த நிலத்தடித் தண்ணீர். அதை இறக்கிவிடும் குளத்தை என்ன செய்கிறோம்? குப்பை கொட்டுகிறோம், மண் போட்டு நிரவிக் காணியாக்குகிறோம். முற்றத்து மல்லிகை!

இடிபாட்டுக்குக் கந்தரோடையும் விலங்குக்கு நெடுந்தீவுக் குதிரைகளும் சொல்ல வைத்திருந்தேன். அதிபர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், சரி, விடுவோம்.

ஞாயிறு காலை 6 மணிக்கு இந்த வாசலிலிருந்து நம் குளத்துக்கு நடக்கிறோம். மண்வெட்டி, கடகம் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். தேத்தண்ணீர் செயலாளர் பொறுப்பு. அவருக்கே இப்போதுதான் தெரியும்.