சாவி வந்த வழி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புகிறோமே, அந்தச் 'சாவி' போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். மேசை, அலமாரி, ஜன்னல் எல்லாம் அவர்கள் கப்பலில் வந்த சரக்குதான். நம்முடைய 'திறவுகோல்' மேடைப் பேச்சோடு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தார் மட்டும் இன்றும் 'திறப்பு' என்கிறார்கள்; கேட்கவே நன்றாயிருக்கிறது.

சரி, போர்த்துக்கீசியருக்கு அது எங்கே கிடைத்தது? லத்தீனில். அங்கே 'க்ளாவிஸ்'. அதையே பிரெஞ்சுக்காரர் 'க்ளே' என்பார். இத்தாலியர் 'கியாவே', ஸ்பானியர் 'யாவே', ருமேனியர் 'கேயே'. லிஸ்பனில் இப்போது 'ஷாவ்' என்று காதில் விழும். 1500களில் அழுத்தமான 'ச்சாவெ'. நம்மவர் பிடித்துக்கொண்டது அந்தப் பழைய 'ச்'சைத்தான்.

யாரும் இஷ்டத்துக்கு மாற்றவில்லை, கவனியுங்கள். மழைக்கு லத்தீனில் 'ப்ளூவியா'. பிரெஞ்சில் 'ப்ளுயி', இத்தாலியில் 'பியோஜ்ஜா', ஸ்பெயினில் 'யூவியா', போர்த்துக்கலில் 'ஷூவா'. சாவிக்கு நடந்ததேதான் மழைக்கும்! 'க்ள'வோ 'ப்ள'வோ, பிரெஞ்சுக்காரர் தொடவில்லை. இத்தாலியர் 'ள'வைக் கரைத்து 'ய' ஆக்கினார். மற்ற இருவருக்கும் முன்னெழுத்தே போய்விட்டது.

2025 மே மாதம் போப் தேர்தலின்போது செய்தியில் 'கான்க்ளேவ்' என்று கேட்டிருப்பீர்கள். அதற்குள்ளும் இந்தச் சாவிதான் இருக்கிறது: பூட்டிவைக்கிற அறை. 1268இல் போப் நான்காம் கிளெமென்ட் இத்தாலியின் விதெர்போ ஊரில் இறந்தார். அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய மூத்த குருமார்களான கர்தினால்கள் கூடினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வருஷம் இல்லை, ஏறக்குறைய மூன்று வருஷம்! ஊர்க்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. அரண்மனையில் வைத்துப் பூட்டினார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், கூரையையும் பிரித்துவிட்டார்கள். ஒருவழியாக 1271இல் தேர்ந்தெடுத்த ஆளோ அந்த ஊரிலேயே இல்லை, கடல் தாண்டி ஆக்ரா துறைமுகத்தில் இருந்தார். நம் ஊர் ஆக்ரா இல்லை, பாலஸ்தீனக் கரையில் உள்ளது. பத்தாம் கிரகோரி என்று பதவியேற்றவர், 1274இல் லியோன் நகரில் பூட்டுவதையே சட்டமாக்கினார். மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே பதார்த்தம். மேலும் ஐந்து நாள் போனால் ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நெருப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். தீக்கொழுந்துக்கு லத்தீனில் 'ஃப்ளாம்மா'. ஸ்பானியத்தில் 'யாமா', போர்த்துக்கீசியத்தில் 'ஷாமா'. இத்தாலியர் என்ன சொல்வார் என்பதை இந்நேரம் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். வணக்கம்.